பழைய பிரெஞ்சு ரோடு சைக்கிளை வாங்கி, பழுது பார்த்து, தினமும் வேலைக்கு ஓட்ட ஒரு முழு வழிகாட்டி

பிரான்சில் எந்த ஊர்ப் பழம்பொருள் சந்தைக்குப் போனாலும் ஒரு பெஜோவோ மோட்டோபெகானோ எங்கேயாவது சாய்ந்து நிற்கும். டயர் வெடித்திருக்கும், செயின் துருவேறியிருக்கும், ஆனால் ஸ்டீல் ஃபிரேம் மட்டும் அசையாமல் இருக்கும். 1970-களில் செய்த வண்டி இன்னும் முப்பது வருடம் ஓடும் என்று சொன்னால் அது மிகையில்லை. பெரிய கடைகளில் கிடைக்கும் மலிவான புது சைக்கிளைவிட இதில் ஓட்டம் நன்றாக இருக்கும், எடையும் பெரும்பாலும் குறைவு.

அப்படியானால் ஏன் இவை இத்தனை மலிவு? ஒரு காரணம் மரை. 1980-களின் தொடக்கம் வரை பிரெஞ்சு கம்பெனிகள் தங்களுக்கென்று தனி மெட்ரிக் அளவுகளை வைத்திருந்தன. பி.பி. கப் (கிராங்க் ஆக்சில் சுற்றும் பாட்டம் பிராக்கெட்டின் கிண்ணம்), ஹேண்டில் திரும்பும் ஹெட்செட், பெடல், பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீல் என்று மரை உள்ள எல்லா இடத்திலும் அளவு வேறு. இன்று கடையில் கிடைக்கும் பாகம் அதில் ஏறாது. ஏறுவது போல இரண்டு சுற்று போய், பிறகு மரையைச் சீவிவிடும். அதனால் இந்த வண்டியில் வேலை தொடங்குவது ஸ்பானரில் இல்லை, அளவுகோலில். எதெல்லாம் பிரெஞ்சு அளவு, அதில் எதைச் சுலபமாக மாற்றலாம், எதைத் தொடாமல் விடுவது நல்லது என்று தெரிந்துகொண்டு வாங்கினால், பட்ஜெட் கையை மீறாது.

இது கண்காட்சியில் வைக்க வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறவர்களுக்கான வழிகாட்டி இல்லை. மழையிலும் ஓட வேண்டும், ஆபீஸ் வாசலில் பூட்டி வைக்க வேண்டும். அசல் பாகம் தேடி அலையத் தேவையில்லை.

எந்த வண்டியைத் தேடுவது

பெயர்கள் நிறைய. பெஜோ, மோட்டோபெகான், பந்தய வீரர்கள் பெர்னார் இனோவும் லோரான் ஃபினியோனும் ஓட்டி ஜெயித்த ஜிதான், இன்னொரு வீரர் ரேமோன் புலிதோரோடு சேர்த்துச் சொல்லப்படும் மெர்சியே, லியோனின் ஃபோலிஸ், கிரெனோபிளின் லிபெரியா, பாரிஸ் பக்கத்து லெஜோன். வேலைக்குப் போகும் வண்டிக்கு பிராண்டு அவ்வளவு முக்கியமில்லை. ஒரே கம்பெனி, தண்ணீர்க்குழாய் கனத்தில் ஒரு மாடலும் ரெனால்ட்ஸ் 531 என்ற லேசான ஸ்டீல் குழாயில் ஒரு மாடலும் விற்றிருக்கும்.

பெஜோவின் பிஎக்ஸ்-10 ரெனால்ட்ஸ் 531-இல் செய்த பந்தய வண்டி. எல்லோரும் தேடுவது அதைத்தான், அதனால் விலையும் அதிகம், திருடனுக்கும் ஆசை அதிகம். தினமும் தெருவில் பூட்டி வைக்க அதை வாங்கச் சொல்லமாட்டேன். நடுத்தர மாடல் போதும். வைட்டஸ் 979 என்ற அலுமினிய ஃபிரேமையும் விட்டுவிடலாம். அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி அதில்தான் பந்தயங்களை அள்ளினார், உண்மை. ஆனால் அதன் குழாய்கள் பசையால் ஒட்டப்பட்டவை. இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த ஒட்டை நம்பி டிராஃபிக்கில் இறங்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், ‘டெமி-கூர்ஸ்’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் வண்டியைத் தேடுங்கள். பந்தய வண்டியின் வடிவம், ஆனால் மட்கார்ட், கேரியர், டைனமோ லைட் எல்லாம் கம்பெனியிலேயே பூட்டி வந்தவை. அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பள்ளிக்கும் தொழிற்சாலைக்கும் ஓட்டியது இதைத்தான். சேகரிப்பவர்கள் சீண்டாததால் இன்னும் மலிவு. மேல்குழாய்க்குப் பதில் இரண்டு மெல்லிய குழாய்கள் பின்சக்கரம் வரை சரிந்து போகும் ‘மிக்ஸ்த்’ ஃபிரேமும் நகரத்துக்கு அருமை. பின்னால் பை வைத்துக்கொண்டு காலைத் தூக்கி வீசி ஏற வேண்டியதில்லை. ஆண்கள் ஓட்டக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை.

எங்கே வாங்குவது

லெபோன்குவான் என்ற இணையதளத்தின் விளம்பரங்கள்தான் பெரிய சந்தை. வசந்தகாலத்தில் ஊருக்கு ஊர் நடக்கும் வீட்-கிரெனியே என்ற பழம்பொருள் சந்தைகளில் காலையிலேயே போனால் நல்லது கிடைக்கும். அபே பியர் 1949-இல் தொடங்கிய எமாவுஸ் அமைப்பின் கடைகளிலும் பழைய சைக்கிள் வரும். இன்னொரு வழி, லெரூ சிக்லாஜ் என்ற வலைப்பின்னலில் உள்ள சுயபழுது பட்டறைகள். உறுப்பினர் கட்டணம் கட்டினால் அங்கேயுள்ள கருவிகளை எடுத்து நீங்களே வேலை செய்யலாம், பக்கத்தில் தெரிந்தவர் நிற்பார். பல பட்டறைகள் பழைய சைக்கிளையும் பாகங்களையும் விற்கின்றன. வண்டி வாங்கும் முன்பே உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். கீழே சொல்லப்போகும் கருவிகளில் பாதியை நீங்கள் வாங்கவே வேண்டியிருக்காது.

பிரான்சில் 2021 ஜனவரி 1 முதல் கடைகள் விற்கும் புது சைக்கிளிலும், அதே வருடம் ஜூலை 1 முதல் அவை விற்கும் பழைய சைக்கிளிலும் அடையாள எண் பொறித்திருக்க வேண்டும். தனி ஆள் விற்கும் பழைய வண்டிக்கு இது கட்டாயமில்லை, பெரும்பாலும் எண் இருக்காது. அதனால் விற்பவரிடம் பெயர், தேதி, விலை எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

பார்க்கப் போகும்போது

ஒரு சின்ன காந்தம், டார்ச், வெர்னியர் காலிப்பர், ஆறாம் நம்பர் ஆலன் சாவி, ஒரு ஸ்பானர். இவ்வளவு போதும்.

முதலில் ஃபிரேம். முன்பக்கத்தில் ஹெட் குழாயோடு சேரும் இடத்தில், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயிண்ட் சுருங்கியோ மடிப்பு விழுந்தோ இருந்தால் வண்டி எங்கேயோ நேராக மோதியிருக்கிறது. அதை விட்டுவிட்டு வாருங்கள், பேரம் பேசவும் வேண்டாம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஃபோர்க்கின் மேல்பகுதி ஹெட் குழாயோடு ஒரே கோட்டில் போக வேண்டும், பின்னால் தள்ளியிருக்கக் கூடாது.

அடுத்தது சீட் போஸ்ட். நட்டைத் தளர்த்தி, சீட்டைப் பிடித்துத் திருப்புங்கள். அலுமினிய போஸ்ட் ஸ்டீல் குழாய்க்குள் பல வருடம் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒட்டிப்போகும். அதை எடுப்பது ஒரு நாள் வேலை, சில சமயம் ரம்பம் வைத்து உள்ளுக்குள் அறுக்க வேண்டும். ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு பிடித்திருக்கும் ஸ்டெம்மிலும் இதே சோதனை. இரண்டும் அசைந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

காந்தம் எதற்கு? ரிம்முக்கு. காந்தம் ஒட்டினால் குரோம் பூசிய ஸ்டீல் ரிம். வெயிலில் பளபளக்கும், மழையில் பிரேக் பிடித்தால் நிற்காது. வாங்கக் கூடாது என்றில்லை, ஆனால் சக்கரம் மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

சைஸ் சரியில்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். மேல்குழாயின் மேல் கால் பரப்பி நின்றால் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி வேண்டும். பிரெஞ்சு வண்டிகளில் மேல்குழாய் உயரமாக இருக்கும், அழகாக இருக்கிறதே என்று பெரிய ஃபிரேமை எடுத்துவிடாதீர்கள்.

மரைக் கணக்கு

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். பழைய பிரெஞ்சு வண்டியில் காசு வீணாவது முக்கால்வாசி இங்கேதான்.

பி.பி. கப்: பிரெஞ்சு அளவு 35 × 1 மி.மீ., இரண்டு பக்கமும் வலது மரை. இன்று எங்கும் கிடைக்கும் இங்கிலீஷ் அளவு 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, செயின் பக்கம் மட்டும் இடது மரை. 1970-களின் பிற்பகுதி மோட்டோபெகான்களில் சுவிஸ் மரை பரவலாக இருக்கும். அளவு பிரெஞ்சு போலவே 35 × 1, ஆனால் செயின் பக்கம் இடது மரை. கப்பின் முகத்தில் 35 × 1 அல்லது 35 பி 1 என்று பொறித்திருந்தால் இந்த இரண்டில் ஒன்று. இங்கிலீஷ் கப்பின் விட்டம் 34.8 மி.மீ. என்பதால் காலிப்பரில் வித்தியாசம் சொற்பம்தான், அதனால் பொறிப்பைத் தேடுவது மேல்.

சரி, இதற்கு என்ன செய்வது? ஒன்றும் செய்யாமலிருப்பதுதான் நல்லது. செயின் பக்கக் கப்பைக் கழற்றாதீர்கள். இடது கப்பை மட்டும் எடுத்து, ஆக்சிலை வெளியே இழுத்து, உள்ளே துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பால்ரஸ் ஓடும் தடம் குழி விழாமல் மழமழப்பாக இருந்தால் அந்தக் கப்புக்கு இன்னும் ஆயுள் உண்டு. புது கால் அங்குல பால்ரஸ், பக்கத்துக்கு 11, தாராளமாக க்ரீஸ், அவ்வளவுதான். குழி விழுந்திருந்தால்தான் மாற்ற வேண்டும். அமெரிக்காவின் ஃபில் வுட் கம்பெனி பிரெஞ்சு, சுவிஸ் மரைகளில் வளையங்கள் செய்கிறது, அதில் சீல் செய்த பேரிங் பூட்டலாம். விலை கொஞ்சம் கடிக்கும். கப்பைக் கழற்ற வேண்டி வந்தால் எந்தப் பக்கம் சுற்றுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்: பிரெஞ்சு என்றால் கடிகாரத்துக்கு எதிராக, சுவிஸ் என்றால் கடிகாரம் சுற்றும் திசையில். தவறான பக்கம் இரண்டாள் பலம் கொடுத்து இறுக்கியபின் அதைக் கழற்றுவது பெரும்பாடு.

பிரெஞ்சு மரையில் இன்னொரு குணம் உண்டு. செயின் பக்கக் கப் வலது மரை என்பதால் மிதிக்க மிதிக்கத் தானாகத் தளரப் பார்க்கும். அதனால் மாற்றிய கப்பை நன்றாக இறுக்க வேண்டும், அவ்வப்போது பார்க்கவும் வேண்டும்.

கிராங்க்: கீழ்நிலை மாடல்களில் நம் ஊர் சைக்கிள் போல காட்டர் பின் இருக்கும். அதைச் சுத்தியலால் நேராக அடித்தால் முனை நசுங்கிப் பின் வெளியே வராது. கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, நட்டைப் பின்னின் முனைவரை விட்டு, ஒரே அடியாக அடிக்க வேண்டும். பட்டறையில் பின் அழுத்தும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய் விட்டம் பாருங்கள்.

அலுமினிய கிராங்க் என்றால் கழற்றும் கருவியில் கவனம் வேண்டும். இன்றைய பொது அளவு 22 மி.மீ. பிரெஞ்சு கம்பெனிகளில் ஸ்ட்ராங்லைட்டின் பழைய கிராங்குக்கு 23.35 மி.மீ., டி.ஏ.யின் கிராங்குக்கு 23 மி.மீ. டி.ஏ. கருவியை ஸ்ட்ராங்லைட்டில் போட்டால் பிடிப்பது போலத் தெரியும், இறுக்கியதும் மரையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதன் பிறகு அந்தக் கிராங்கை எடுக்க வழி தேடி அலைய வேண்டியதுதான்.

பெடல்: பிரெஞ்சு அளவு 14 × 1.25 மி.மீ., இன்றையது 9/16 அங்குலம், அதாவது சுமார் 14.3 மி.மீ. பெடலில் D (வலது), G (இடது) என்ற எழுத்துகள் இருந்தால் பிரெஞ்சு வண்டிதான். பழைய லியோதார் பெடல் நன்றாகச் சுற்றினால் க்ரீஸ் போட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அலுமினிய கிராங்கில் 9/16 டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரையைப் பெரிதாக்கலாம். பட்டறைகளில் வழக்கமாகச் செய்கிற வேலை, சிரமமில்லை. அப்படியே புதுப் பெடலை முறுக்கி ஏற்ற மட்டும் பார்க்காதீர்கள்.

ஹெட்செட்: 25 × 1 மி.மீ. இங்கிலீஷ் 1 அங்குலம். இதிலும் கப் நன்றாக இருந்தால் பால்ரஸும் க்ரீஸும் மட்டும் மாற்றுங்கள். ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால் கப் தேய்ந்திருக்கிறது. பால்ரஸைக் கூண்டோடு போடாமல் தனித்தனியாக நிரப்பினால் அந்தப் பள்ளத்தின் தொல்லை ஓரளவு குறையும்.

ஃப்ரீவீல்: 34.7 × 1 மி.மீ. இதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் சக்கரத்தை மாற்றும்போது இந்தத் தொல்லை சக்கரத்தோடு போய்விடும். பழைய ஹப்பையே வைத்துக்கொள்வதானால் அதில் இங்கிலீஷ் ஃப்ரீவீலை ஏற்றாதீர்கள், 34.9 மி.மீ. என்பதால் லூசாக ஏறி ஒருநாள் நழுவும்.

சீட் போஸ்ட் விட்டமும் வேறு. 531 ஃபிரேமில் வழக்கமாக 26.4 மி.மீ., மலிவான கனக்குழாய் மாடல்களில் 24-ஐ ஒட்டி. அளந்து வாங்குங்கள்.

பிரித்துக் கழுவுதல்

எதையும் கழற்றும் முன்பு நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். கழற்றிய ஒவ்வொரு பகுதியையும் தனி டப்பாவில் போடுங்கள், வாஷர் வரிசை உட்பட. துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து வையுங்கள். பின்சக்கரத்தில் கம்பிகளை வெட்டி ஹப்பைப் பிரிக்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஃப்ரீவீலைக் கழற்றிவிடுங்கள். கம்பி போனபின் பிடிமானம் இல்லாமல் அதைக் கழற்ற முடியாது. ‘ஆட்டம்’ (Atom), ‘மாய்யார்’ என்று ஃப்ரீவீல் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் கழற்றும் கருவி வேறு.

பெயிண்டைச் சுரண்ட வேண்டாம். சோப்புத் தண்ணீர், அப்புறம் கார் பாலிஷ். கீறலில் துரு தெரிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அருகில் உள்ள நிறத்தில் நகப்பூச்சு அடித்தால் போதும். பழைய தோற்றம் திருட்டுக்கும் கொஞ்சம் தடுப்பு.

ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும்

இங்கே கஞ்சத்தனம் கூடாது. பழைய அலுமினியம் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும், உடைந்தால் முகம்தான் தரையில். குறிப்பாக ஸ்டெம்மில் ஆவா என்ற முத்திரை இருந்தால் கழற்றி எறியுங்கள். அதன் கீழ்ப்பகுதியில் உள்ள பிளவின் முனையிலிருந்து விரிசல் ஓடும் என்பது பழைய சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

புது ஸ்டெம் 22.2 மி.மீ., பிரெஞ்சு ஃபோர்க்கின் உள்விட்டம் 22.0. அந்த 0.2 மி.மீ.யை உப்புத்தாளால் சுற்றிலும் சீராகத் தேய்த்து எடுத்துவிடலாம், பொறுமை இருந்தால் ஒரு மாலை வேலை. சுத்தியலால் அடித்து இறக்க வேண்டாம். பழைய பிரெஞ்சு ஹேண்டில்பார் நடுவில் 25.0 மி.மீ., புதியது 25.4. அதனால் ஸ்டெம்மையும் பாரையும் ஜோடியாக வாங்குங்கள். நகரத்தில் வளைந்த பார் பிடிக்காதவர்கள் நேர்ப்பாரோ பின்னால் வளைந்த பாரோ போடலாம். அப்படியென்றால் பிரேக் லீவரும் மாறும்.

பிரேக்

கிளெர்மோன்-ஃபெரானில் செய்த மஃபாக் பிரேக் இருந்தால் அதிர்ஷ்டம். நடுவில் இருந்து இழுக்கும் வகை. கத்தும், ஆனால் பிடிக்கும். அதன் பிரேக் கட்டையை எல்லாத் திசையிலும் திருப்பலாம் என்பதால் கத்தலை நிறுத்துவதும் சுலபம். கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொடும்படி ஒரு மயிரிழை சாய்த்துப் பூட்டுங்கள். கட்டை பழையதென்றால் கல்லாகியிருக்கும், தயங்காமல் மாற்றுங்கள். கூல்-ஸ்டாப்பின் சால்மன் நிறக் கட்டை ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிறது.

ஒயர், அதன் உறை எல்லாம் புதிது. பிரெஞ்சு லீவரில் ஒயரின் தலை உட்காரும் குழி கொஞ்சம் சிறிது. பழைய ஒயரைக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். தேவைப்பட்டால் அரம் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் உட்கார்ந்துவிடும்.

கியர்

திஜோனின் சிம்பிளெக்ஸ் கம்பெனி டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் டெரெய்லர் (செயினை நகர்த்தும் கியர் மாற்றி) செய்தது. புதிதில் லேசாக, அழகாக இருந்திருக்கும். இப்போது விரிசல் விடும், முன் டெரெய்லர் பட்டையிலேயே முறியும். ஜப்பான் கம்பெனியான சன்டூரின் பழைய டெரெய்லர் ஒன்றைத் தேடிப் போடுங்கள், விலை அதிகமில்லை, மாற்றமும் இதமாக இருக்கும். ஒரு சிக்கல்: சிம்பிளெக்ஸுக்காகச் செய்த டிராப்-அவுட்டில் (பின்சக்கர ஆக்சில் உட்காரும் ஃபிரேம் முனை) டெரெய்லரைத் தொங்கவிடும் துளையில் மரை இருக்காது. அதில் 10 × 1 மி.மீ. டேப் போட வேண்டும், இல்லையென்றால் ஆக்சிலோடு பூட்டும் தனித் தகடு ஒன்றில் தொங்கவிடலாம். முன் டெரெய்லரும் லீவரும் 28 மி.மீ. குழாய்க்குச் செய்தவை, புதியவை 28.6. இடையில் ஒரு மெல்லிய தகட்டைச் சுற்றினால் சரியாகிவிடும்.

ஆனால் அதே சிம்பிளெக்ஸின் ரெட்ரோஃபிரிக்ஷன் லீவர் இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் வைத்த அந்த லீவர் அளவுக்கு இதமாக நகர்வது வேறு இல்லை.

செயின் புதிது போடுங்கள், ஐந்து அல்லது ஆறு கியருக்கானது. பழைய ஃப்ரீவீலில் புது செயின் நழுவினால் ஃப்ரீவீலும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சக்கரமும் டயரும்

பிரான்சில் விற்ற வண்டிகளில் சக்கர அளவு 700சி அல்லது 650பி. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானவற்றில் 27 அங்குலம். 27-க்கு ரிம் விட்டம் 630 மி.மீ., 700சி-க்கு 622. அலுமினிய 700சி சக்கரத்துக்கு மாறினால் பிரேக் கட்டையை 4 மி.மீ. கீழே இறக்க வேண்டும், அதற்கு பிரேக் கையில் இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

பின் அகலம் ஐந்து கியர் வண்டியில் 120 மி.மீ., ஆறு கியரில் 126. ஸ்டீல் ஃபிரேமை 126-க்கு விரிக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் சமமாக விரிந்ததா என்று நூல் கட்டிப் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பெஜோவில் ஹெலிகோமாதிக் ஹப் இருந்தால் அந்தச் சக்கரத்தை அப்படியே கைவிடலாம். பேரிங் சின்னது, பாகமும் கிடைப்பதில்லை.

டயரில் அகலம்தான் சுகம். மட்கார்டோடு 28 அல்லது 32 மி.மீ. உள்ளே போனால் பாரிஸ் கல்பாவிய தெருவிலும் பல் கிட்டாது. பழைய ரிம்மின் உள்விளிம்பில் கொக்கி இல்லாவிட்டால் 5 பாருக்கு மேல் காற்று அடிக்காதீர்கள், டயர் கழன்று தெறிக்கும். போக்ஸ் கம்பிகளைக் கிள்ளிப் பாருங்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே சத்தம் தர வேண்டும். இல்லையென்றால் கோட்டம் எடுக்கக் கொடுங்கள்.

தெருவில் இறங்கும் முன்

பிரெஞ்சு சாலைச் சட்டப்படி இருட்டிலோ பனிமூட்டத்திலோ முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். ஒளி எதிரொலிக்கும் தகடுகள் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் ஆரஞ்சு, பெடலிலும் வேண்டும். குறைந்தது 50 மீட்டர் தூரத்துக்குக் கேட்கும் மணி கட்டாயம். ஊருக்கு வெளியே இரவில் போனால் ஒளிரும் மேலங்கி போட வேண்டும். காதில் இயர்போன் கூடாது. பழைய டைனமோ வேலை செய்தாலும் சிக்னலில் நிற்கும்போது அணைந்துவிடும், அதனால் சார்ஜ் செய்யும் எல்இடி ஜோடி ஒன்று வாங்கிவிடுங்கள்.

பூட்டு யூ வடிவத்தில் இருக்கட்டும், ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுங்கள். சுலபமாகக் கழலும் சக்கர லீவரை நட்டாக மாற்றினால் இன்னும் நிம்மதி.

செலவுக்கு என் கணக்கு இது: வண்டிக்கு என்ன கொடுக்கிறீர்களோ, அதே அளவு தொகை பாகங்களுக்கும் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரமும் மாற்ற வேண்டுமென்றால் அதற்கும் மேலே. அதைவிட அதிகமாகும் என்று தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள், சந்தை அடுத்த ஞாயிறும் வரும்.

ஓட்டத் தொடங்கிய முதல் சில நாட்களில் ஒயர் நீளும், பிரேக்கை இரண்டு முறையாவது இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். கிராங்க் போல்ட்டையோ காட்டர் பின் நட்டையோ முதல் வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை இறுக்குங்கள். பி.பி. பக்கம் டக் டக் என்று சத்தம் வந்தால் அன்றே பாருங்கள், லூசான கிராங்கை ஓட்டினால் அலுமினியத்தில் உள்ள சதுரத் துளை உருண்டு போகும், அதன் பிறகு எத்தனை இறுக்கினாலும் நிற்காது.